அன், இன், டிஸ், ரீ: முன்னொட்டுகளை வைத்து ஆங்கிலச் சொற்களைப் பிடிப்பது எப்படி

ஆங்கிலம் படிக்கிற எல்லாருடைய கையிலும் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தப் பட்டியல் வந்து சேர்ந்துவிடும். அன் என்றால் இல்லை, ரீ என்றால் மறுபடியும், ப்ரீ என்றால் முன்னால், சப் என்றால் கீழே என்று ஐம்பது அறுபது முன்னொட்டுகள், எதிரே அர்த்தம். மனப்பாடம் செய்துவிட்டு ஒரு பத்தியை வாசிக்க உட்கார்ந்தால், ‘அண்டர்ஸ்டாண்ட்’ ஏன் கீழே நிற்பது ஆகவில்லை, ‘ரிசீவ்’ என்பதில் எது மறுபடியும் நடக்கிறது என்று முதல் இரண்டு வரியிலேயே பட்டியல் காலை வாரிவிடும். அதில் இருக்கும் அர்த்தங்கள் சரிதான். எல்லா முன்னொட்டும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று சொல்லாமல் சொல்கிறதே, அங்கேதான் சிக்கல்.

முன்னொட்டுகள் இரண்டு ரகம். ஒன்று, இன்னும் உயிரோடு இருக்கிற ரகம்: அன், ரீ, மிஸ், ‘நான்’, ஓவர், அவுட் போன்றவை. இவற்றை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் ஒரு புதுச் சொல்லின் முன்னால் ஒட்டலாம், கேட்பவருக்குப் புரியும், அர்த்தமும் கூட்டல் கணக்கு மாதிரி வந்துவிடும். இன்னொன்று உறைந்துபோன ரகம்: கான், அட், ஆப், பெர் போன்றவை. லத்தீனிலேயே வேரோடு ஒட்டிக்கொண்டு, பிறகு நேராகவோ ஃப்ரெஞ்சு வழியாகவோ ஆங்கிலத்துக்குள் முழுச்சொல்லாக வந்து இறங்கியவை. ‘ரிசீவ்’, ‘டிசீவ்’, ‘பெர்சீவ்’, ‘கன்சீவ்’ நாலிலும் அதே வால் இருக்கிறது, ஆனால் அந்த வாலைத் தனியாக எடுத்தால் அது ஓர் ஆங்கிலச் சொல்லே கிடையாது. இவற்றில் கூட்டல் கணக்கு போட்டால் விடை வராது.

ஆகவே முதல் ரகத்தை அர்த்தம் பிடிக்கப் பயன்படுத்துங்கள், இரண்டாவது ரகத்தை ஸ்பெல்லிங் பிடிக்கப் பயன்படுத்துங்கள். இரண்டையும் மாற்றிப் போட்டால் தலைவலிதான்.

சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீங்கள் நோட்டில் எழுதும்போது ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அப்போதுதான் கண்ணில் பதியும். எழுத்து முக்கியமாகிற இடத்தில் எழுத்தின் பெயரையே சொல்லிவிடுகிறேன்.

எங்கே தொடங்குவது

அறுபதையும் படிக்க வேண்டாம். 1989இல் வைட், சோவெல், யானகிஹாரா என்ற மூன்று ஆய்வாளர்கள், அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் படிக்கும் அச்சு ஆங்கிலத்தில் வருகிற முன்னொட்டுச் சொற்களை எண்ணி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் அன் மட்டுமே 26 சதவீதம். ரீ 14, ‘இல்லை’ என்ற அர்த்தத்தில் வரும் இன்னும் அதன் மாற்று உருவங்களும் சேர்ந்து 11, டிஸ் 7. நாலையும் கூட்டினால் 58 சதவீதம், அதாவது பாதிக்கு மேல். முதல் இருபது முன்னொட்டுகள் 97 சதவீதத்தை முடித்துவிடுகின்றன. அந்தப் பெரிய பட்டியலின் பிற்பாதி வாழ்க்கையில் எப்போதாவது எதிரே வரும், வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இந்த நாலில் நேரத்தைப் போடுங்கள், அதிலும் முதலில் அன்.

அன்: இதை முதலில் முடித்துவிடுங்கள்

அன்னுக்கு இரண்டு வேலை. பண்பைச் சொல்லும் சொல்லுக்கு முன்னால் வந்தால் ‘இல்லை’: ‘அன்ஹேப்பி’, ‘அன்ஃபேர்’, ‘அன்ஷ்யூர்’. செயலைச் சொல்லும் சொல்லுக்கு முன்னால் வந்தால் ‘செய்ததைத் திருப்பு’: ‘அன்டை’, ‘அன்பேக்’, ‘அன்இன்ஸ்டால்’, ‘அன்ம்யூட்’. ‘அன்லாக்’ என்றால் பூட்டாமல் விடுவது அல்ல, பூட்டியதைத் திறப்பது. வரலாற்றிலேயே இவை இரண்டும் வேறு வேறு முன்னொட்டுகள், பழைய ஆங்கிலத்தில் தனித்தனியாக இருந்தவை பிற்பாடு ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. அதனால்தான் ‘அன்லாக்கபிள்’ என்று ஒரு சொல்லைப் பார்த்தால் ‘பூட்ட முடியாதது’, ‘திறக்க முடிந்தது’ என்று இரண்டு அர்த்தமும் எடுக்கலாம். சுற்றி இருக்கிற வாக்கியம்தான் தீர்ப்பு சொல்லும்.

செயலோடு ஒட்டும்போது ஒரு நிபந்தனை உண்டு, அந்தக் காரியம் திரும்பச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். கட்டியதை அவிழ்க்கலாம், மடித்ததைப் பிரிக்கலாம், ஜிப் போட்டதைத் திறக்கலாம். தின்றதைத் திருப்ப முடியாது, பாடியதைத் திருப்ப முடியாது, அதனால் ‘அன்ஈட்’டும் ‘அன்சிங்’கும் வழக்கில் இல்லை. கம்ப்யூட்டரில் மட்டும் ஏறக்குறைய எல்லாவற்றையும் திருப்பிவிடலாம் என்பதால் இந்த அன் அங்கே கொடிகட்டிப் பறக்கிறது: ‘அன்டூ’, ‘அன்ஃபாலோ’, ‘அன்சப்ஸ்க்ரைப்’. 2009ஆம் ஆண்டின் சொல்லாக நியூ ஆக்ஸ்ஃபோர்ட் அமெரிக்கன் டிக்ஷனரி தேர்ந்தெடுத்தது ‘அன்ஃப்ரெண்ட்’ என்ற சொல்லைத்தான்.

பண்புச் சொல்லோடு ஒட்டும்போது இன்னொரு விஷயம், இதைப் பல இலக்கணப் புத்தகங்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அன் பொதுவாக நல்ல சொல்லோடுதான் ஒட்டும், கெட்ட சொல்லோடு ஒட்டாது. ‘அன்ஹேப்பி’ உண்டு, ‘அன்சேட்’ கிடையாது. ‘அன்கைண்ட்’ உண்டு, ‘அன்க்ரூயல்’ கிடையாது. ‘அன்ட்ரூ’ உண்டு, ‘அன்ஃபால்ஸ்’ கிடையாது. ‘அன்வெல்’ சொல்வார்கள், ‘அன்சிக்’ யாரும் சொல்லமாட்டார்கள். ‘அன்செல்ஃபிஷ்’, ‘அன்அஃப்ரெய்ட்’ என்று விதிவிலக்குகள் இருக்கின்றன, ஆனால் நீங்களாக ஒரு சொல்லை உருவாக்கும்போது இந்த வழக்கத்தை நம்பிப் போகலாம்.

சொல்லின் கடைசியைப் பார்த்தும் முடிவு செய்யலாம். ஈ-டி, ஐ-என்-ஜி, ‘ஏபிள்’ என்று முடிகிற சொல்லாக இருந்தால் பெரும்பாலும் அன்தான்: ‘அன்எக்ஸ்பெக்டெட்’, ‘அன்ஃபினிஷ்ட்’, ‘அன்இன்ட்ரஸ்டிங்’, ‘அன்பிலீவபிள்’. எந்த முன்னொட்டு என்று தெரியாமல் திண்டாடுகிற நேரத்தில் அன்னைப் போட்டுவிடுங்கள், தப்பாவதைவிடச் சரியாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இன்: உருவம் மாறுகிற ஆள்

அன் எங்கே போனாலும் அன்தான். ‘அன்பாப்புலர்’, ‘அன்லக்கி’, ‘அன்ரியல்’ எதிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இன் அப்படி இல்லை. பின்னால் ‘பாசிபிள்’ என்பதில் வருகிற பி, எம், ‘பேலன்ஸ்’ என்பதில் வருகிற பி, இவற்றில் ஒன்று வந்தால் இம்: ‘இம்பாசிபிள்’, ‘இம்மெச்யூர்’, ‘இம்பேலன்ஸ்’. எல் வந்தால் இல்: ‘இல்லீகல்’, ‘இல்லாஜிகல்’. ஆர் வந்தால் இர்: ‘இர்ரெகுலர்’, ‘இர்ரெலவன்ட்’, ‘இர்ரெஸ்பான்சிபிள்’. மற்ற இடங்களில் இன்: ‘இன்கரெக்ட்’, ‘இன்டைரக்ட்’, ‘இன்விசிபிள்’.

இதை நாலு தனி முன்னொட்டாக மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் தமிழ் தெரிந்தவருக்கு இல்லை. ஐந்து என்பது பத்தோடு சேர்ந்தால் ஐம்பது, நூறோடு சேர்ந்தால் ஐந்நூறு, கரத்தோடு சேர்ந்தால் ஐங்கரன். பின்னால் வரும் எழுத்துக்குத் தகுந்தபடி நடு மெய் மாறுகிறது, வாய் சுலபமான வழியில் போகிறது. இன் இம் ஆவதும் அதே சங்கதிதான். ‘இன்பாசிபிள்’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், பி வருவதற்குள் உதடு தானாக மூடி ‘இம்’ ஆகிவிடும். உறைந்துபோன ரகம் என்று சொன்னேனே, அதற்கு இது நல்ல அடையாளம்: ரொம்ப நாள் ஒட்டியிருந்து தேய்ந்து இழைந்ததால்தான் உருவம் மாறியிருக்கிறது. அன் இன்னும் தனி ஆளாக இருக்கிறது, அதனால் மாறவில்லை.

இன்னொரு சொந்தமும் உண்டு. நீதி, அநீதி. சுத்தம், அசுத்தம். அவசியம் என்று உயிரெழுத்தில் தொடங்கினால் அநாவசியம். வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த இந்த ‘அ’வும், ஆங்கிலத்தின் அன்னும், லத்தீனின் இன்னும், ‘அனானிமஸ்’, ‘அனார்க்கி’ போன்ற சொற்களில் இருக்கிற கிரேக்க முன்னொட்டும் எல்லாம் ஒரே ஆதி மொழியிலிருந்து கிளைத்தவை. ‘ஏடிப்பிகல்’ என்பதில் ஏ மட்டும் இருக்கிறது, ‘அனானிமஸ்’ என்பதில் ஏ-என் வந்திருக்கிறது, ஏன் என்றால் அநாவசியத்தில் நடந்ததுதான் அங்கேயும்: உயிரெழுத்துக்கு முன்னால் நடுவே ஒரு மெய் தேவைப்படுகிறது.

அன்னா இன்னா என்ற குழப்பத்துக்கு ஒரு நல்ல உதவி, பண்புச் சொல்லில் அன் வந்தாலும் அதன் பெயர்ச்சொல்லில் இன் வருகிற ஜோடிகள். ‘அனேபிள்’ ஆனால் ‘இனபிலிட்டி’. ‘அன்ஜஸ்ட்’ ஆனால் ‘இன்ஜஸ்டிஸ்’. ‘அன்ஈக்வல்’ ஆனால் ‘இன்ஈக்வாலிட்டி’. ‘அன்ஸ்டேபிள்’ ஆனால் ‘இன்ஸ்டபிலிட்டி’. ‘அன்க்ரேட்ஃபுல்’ ஆனால் ‘இன்க்ராட்டிட்யூட்’. இவற்றை ஜோடியாகவே எழுதிவையுங்கள், தனித்தனியாகப் படித்தால் கடைசிவரை குழம்பும்.

இன்னில் ஒரு பெரிய பள்ளமும் இருக்கிறது. ‘இல்லை’ என்ற இன் ஒன்று, ‘உள்ளே’ என்ற இன் வேறொன்று: ‘இம்போர்ட்’, ‘இன்க்ளூட்’, ‘இன்ஜெக்ட்’ எல்லாம் இரண்டாவது. ‘இன்ஃப்ளேமபிள்’ என்பதும் இரண்டாவதுதான், அதாவது எளிதில் தீப்பற்றும். முதல் இன் என்று நினைத்துக்கொண்டால் தீப்பற்றாதது என்று தலைகீழாகப் புரியும். இந்த ஆபத்தினால்தான் தீப்பாதுகாப்பு எச்சரிக்கைகளில் இப்போது ‘ஃப்ளேமபிள்’ என்று மட்டும் எழுதுவதை விரும்புகிறார்கள், தீப்பற்றாததற்கு ‘நான்-ஃப்ளேமபிள்’. அதே மாதிரி ‘இன்ஹேபிட்டபிள்’ என்றால் குடியிருக்கத் தக்கது, அதன் எதிர்ச்சொல் ‘அன்இன்ஹேபிட்டபிள்’. ‘இன்வேல்யுவபிள்’ என்றால் மதிப்பில்லாதது கிடையாது, மதிப்பே போட முடியாத அளவுக்கு உயர்ந்தது. ‘இன்ஃபேமஸ்’ என்றால் புகழில்லாதவர் அல்ல, கெட்ட பெயரால் ஊரறிந்தவர்.

‘நான்’, டிஸ், மிஸ்: எல்லாம் ‘இல்லை’ அல்ல

‘இல்லை’ என்ற ஒரே அர்த்தத்தின் கீழ் இவற்றையெல்லாம் போட்டுவிடுவதால்தான் பலருடைய ஆங்கிலம் அடிக்கடி வழுக்குகிறது.

‘நான்’ வெறும் வகைப்பிரிப்பு, அதில் திட்டோ பாராட்டோ கிடையாது. ‘நான்-ப்ரொஃபெஷனல்’ என்றால் அதைத் தொழிலாகச் செய்யாதவர், அவ்வளவுதான். ‘அன்ப்ரொஃபெஷனல்’ என்று எழுதிவிட்டால் அவர் நடத்தையைக் குறை சொல்கிறீர்கள். ‘நான்-ஹ்யூமன்’ என்றால் மனிதர் அல்லாதது, ‘இன்ஹ்யூமன்’ என்றால் கொடூரம். அலுவலகக் கடிதத்தில் இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதினால் தேவையில்லாத சண்டை வரும்.

மிஸ் என்றால் நடந்திருக்கிறது, ஆனால் தப்பாக நடந்திருக்கிறது. ‘மிஸ்அண்டர்ஸ்டாண்ட்’, ‘மிஸ்ப்ளேஸ்’, ‘மிஸ்லீட்’. ‘அன்இன்ஃபார்ம்ட்’ என்பவருக்குத் தகவலே வந்து சேரவில்லை, ‘மிஸ்இன்ஃபார்ம்ட்’ என்பவருக்குத் தப்பான தகவல் வந்து சேர்ந்திருக்கிறது. இன்றைக்குச் செய்திகளில் அதிகம் அடிபடுகிற ஜோடி ‘மிஸ்இன்ஃபர்மேஷன்’, ‘டிஸ்இன்ஃபர்மேஷன்’. முன்னது தப்பான தகவல், பரப்புகிறவருக்கே அது தப்பென்று தெரியாமல் இருக்கலாம். பின்னது ஏமாற்றவேண்டும் என்றே தயாரித்த பொய்.

டிஸ் பெரும்பாலும் வினையோடு வரும், எதிராகச் செய்வது அல்லது இருந்ததை நீக்குவது: ‘டிஸ்அக்ரீ’, ‘டிஸ்ஒபே’, ‘டிஸ்கனெக்ட்’, ‘டிஸ்அப்பியர்’. ‘அன்யூஸ்ட்’ என்றால் இன்னும் பயன்படுத்தாதது, புதுசு. ‘டிஸ்யூஸ்ட்’ என்றால் ஒரு காலத்தில் பயன்பாட்டில் இருந்து இப்போது கைவிடப்பட்டது, ரயில் வராத பழைய ஸ்டேஷன் மாதிரி இடங்களுக்குச் சொல்வது. ‘டிஸ்இன்ட்ரஸ்டெட்’ என்பதை ஆர்வமில்லாதவர் என்று பலரும் இப்போது எழுதுகிறார்கள், ஆனால் கவனமாக எழுதுகிறவர்கள் அதைப் பாரபட்சமில்லாதவர் என்ற அர்த்தத்துக்கு வைத்துக்கொண்டு, ஆர்வமில்லாததற்கு ‘அன்இன்ட்ரஸ்டெட்’ போடுவார்கள். நீதிபதி முதலாவதாக இருக்க வேண்டும், இரண்டாவதாக இருக்கக் கூடாது.

ஓவர், அண்டர், அவுட் மூன்றையும் சீக்கிரம் முடித்துவிடலாம். ஓவர் என்றால் அளவுக்கு மேல், அண்டர் என்றால் அளவுக்குக் கீழ், அவுட் என்றால் இன்னொருவரைத் தாண்டி: ‘ஓவர்எஸ்டிமேட்’, ‘அண்டர்எஸ்டிமேட்’, ‘அவுட்லிவ்’, ‘அவுட்நம்பர்’. ‘ஓவர்சைட்’ ஒன்றுதான் கொஞ்சம் விஷமமான சொல், மேற்பார்வை என்றும் அர்த்தம், கவனப்பிசகு என்றும் அர்த்தம்.

ரீ: காதால் கண்டுபிடிக்கலாம்

ரீ நீண்டு ஒலித்தால் பெரும்பாலும் ‘மறுபடியும்’ என்ற உயிருள்ள முன்னொட்டு: ‘ரீரைட்’, ‘ரீபில்ட்’, ‘ரீஓபன்’, ‘ரீயூஸ்’. குறுகி ‘ரி’ என்று ஒலித்தால் பெரும்பாலும் உறைந்தது: ‘ரிசீவ்’, ‘ரிப்ளை’, ‘ரிமெம்பர்’, ‘ரிஃப்யூஸ்’. தமிழில் குறில் நெடில் பிரித்தே எழுதுவதால் இது நமக்கு உடனே பிடிபடும்.

சில சொற்களில் நடுவே ஒரு சிறு கோடு போடுவார்கள், அதை அலட்சியம் செய்ய வேண்டாம். ‘ரிசைன்’ என்றால் ராஜினாமா. கோடு போட்டு ‘ரீ-சைன்’ என்றால் மறுபடியும் கையெழுத்துப் போடுவது. ஒரு வீரர் தன் அணியோடு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார் என்று எழுத நினைத்துக் கோட்டை விட்டுவிட்டால் அவர் விலகிவிட்டார் என்று ஆகிவிடும். ‘ரிகவர்’ என்றால் உடல் தேறுவது அல்லது இழந்ததை மீட்பது, ‘ரீ-கவர்’ என்றால் சோஃபாவுக்கு மறுபடி உறை போடுவது. ‘ரிஃபார்ம்’ சீர்திருத்தம், ‘ரீ-ஃபார்ம்’ மறுபடி உருவாக்குவது. கோடு இல்லாத உருவத்துக்கு வேறு அர்த்தம் ஏற்கெனவே இருந்தால் கோடு கட்டாயம்.

வெட்டிப் பார்ப்பது எப்படி

வாசிக்கும்போது தெரியாத சொல் வந்தால் முன்னொட்டை விரலால் மறையுங்கள். மிச்சம் இருப்பது ஒரு சொல்லா? இல்லையென்றால் அது உறைந்தது, அல்லது முன்னொட்டே இல்லை. ‘அங்கிள்’ என்பதில் யு-என் இருக்கிறது, மிச்சம் ஒன்றும் தேறாது. ‘யூனிஃபார்ம்’, ‘யூனியன்’, ‘யூனிக்’ எல்லாம் ‘ஒன்று’ என்ற யூனி, அன்னுக்கும் இவற்றுக்கும் உறவில்லை. ‘மிஸ்டரி’, ‘மிஷன்’, ‘ரெடி’, ‘ப்ரெட்டி’ எதிலும் முன்னொட்டைத் தேட வேண்டாம்.

மிச்சம் ஒரு சொல்லாக இருந்தால், இரண்டு அர்த்தத்தையும் கூட்டி அந்த வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். இந்த இரண்டாவது படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். ‘டிஸ்ப்ளே’ என்பதில் ‘ப்ளே’ இருக்கிறது, விளையாட்டோடு சம்பந்தமில்லை. ‘ரிஃப்யூஸ்’ என்பதில் ‘ஃப்யூஸ்’ இருக்கிறது, மின்சாரத்தோடு சம்பந்தமில்லை. ‘ப்ரிடெண்ட்’ என்பதில் ‘டெண்ட்’ என்ற சொல் கிடைக்கிறது, அர்த்தம் கிடைக்காது. கூட்டின அர்த்தம் வாக்கியத்தில் உட்காரவில்லை என்றால் பிடிவாதம் பிடிக்காமல் டிக்ஷனரியைத் திறந்துவிடுங்கள்.

டிக்ஷனரியில் அர்த்தத்தோடு நிறுத்தாமல், சொல் பிறந்த கதையைச் சொல்லும் வரியையும் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் இலவச லேர்னர்ஸ் தளத்தில் பல சொற்களுக்குக் கீழே அது இருக்கும். ‘டிஸ்கவர்’ என்றால் மூடியை நீக்குவது, ‘டிஸீஸ்’ என்பது டிஸ்ஸும் ‘ஈஸ்’ஸும் சேர்ந்தது, ‘இன்ஃபன்ட்’ என்றால் லத்தீனில் பேச இயலாதது, இதெல்லாம் அங்கேதான் தெரியவரும். சில சொற்களில் முன்னொட்டு வைத்த உருவம் மட்டும் பிழைத்து எதிர்ச்சொல் செத்துப்போயிருக்கும். தலை கலைந்து அழுக்காக இருப்பது ‘அன்கெம்ப்ட்’, வாரிச் சீவியவரை யாரும் ‘கெம்ப்ட்’ என்று சொல்வதில்லை, சொன்னால் வேடிக்கைக்குத்தான்.

ஸ்பெல்லிங்: இரட்டை எழுத்து எங்கிருந்து வருகிறது

எனக்குக் கேட்டால் முன்னொட்டின் பெரிய பயன் இங்கேதான். விதி ஒன்றுதான்: முன்னொட்டின் எழுத்தையும் வெட்டாதீர்கள், பின்னால் வரும் சொல்லின் எழுத்தையும் வெட்டாதீர்கள், இரண்டையும் முழுசாக ஒட்டுங்கள். மிஸ் கூட்டல் ‘ஸ்பெல்’, அதனால் ‘மிஸ்ஸ்பெல்’லில் இரண்டு எஸ். அன் கூட்டல் ‘நெசசரி’, இரண்டு என். டிஸ் கூட்டல் ‘சாட்டிஸ்ஃபைட்’, இரண்டு எஸ். ஆனால் டிஸ் கூட்டல் ‘அப்பியர்’, டிஸ் கூட்டல் ‘அப்பாயிண்ட்’ என்னும்போது எஸ் ஒன்றே ஒன்றுதான், ஏனென்றால் பின்னால் வருவது ஏ, இரண்டு பி அந்தச் சொல்லிலேயே இருப்பவை. ‘அண்டர்ரேட்டட்’, ‘ஓவர்ரூல்’, ‘இன்டர்ரப்ட்’ மூன்றிலும் இரண்டு ஆர்.

உறைந்த முன்னொட்டுகளும் இதே விதிக்குள் வருகின்றன, ஒரு படி கூடுதல். அட் என்ற லத்தீன் முன்னொட்டு பின்னால் வரும் எழுத்தாகவே மாறிவிடும்: ‘அக்செப்ட்’, ‘அஃபெக்ட்’, ‘அக்ரெசிவ்’, ‘அனௌன்ஸ்’, ‘அரைவ்’, ‘அசிஸ்ட்’, ‘அட்ராக்ட்’. இந்தச் சொற்களில் ஏ-க்குப் பிறகு வரும் இரட்டை எழுத்து எல்லாம் இதனால் வந்தது. கான் என்பது ‘கலெக்ட்’டில் எல், ‘கரெக்ட்’டில் ஆர், ‘கமிட்’டில் எம். சப் என்பது ‘சப்போர்ட்’டில் பி, ‘சஃபர்’ரில் எஃப், ‘சக்ஸீட்’டில் சி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘அகாமடேட்’ என்ற கொடுமையான சொல்லைப் பாருங்கள். அட் வந்து சி-யாக மாறியது, அடுத்து கான் வந்து எம்மாக மாறியது, இரண்டு முன்னொட்டு என்பதால் இரண்டு சி, இரண்டு எம். ‘ரெகமெண்ட்’ என்பது ரீ கூட்டல் ‘கமெண்ட்’, இங்கே பாராட்டு என்று அர்த்தமுள்ள, ஈ போட்டு எழுதுகிற ‘கமெண்ட்’. ஆகவே சி ஒன்று, எம் இரண்டு.

குடிபெயர்வதில் ‘இம்மிக்ரேட்’டுக்கு இரண்டு எம், இன் வந்து இம் ஆகி ‘மைக்ரேட்’டோடு ஒட்டியது, உள்ளே வருவது. ‘எமிக்ரேட்’டுக்கு ஓர் எம், எக்ஸ் என்பது தேய்ந்து ஈ ஆகி ஒட்டியது, வெளியே போவது. ஸ்பெல்லிங்கும் அர்த்தமும் ஒரே அடியில் கிடைத்துவிடுகின்றன. ‘இன்னொவேட்’டில் இரண்டு என், ‘இனாக்குலேட்’டில் ஒன்றுதான், பின்னது ஓ-வில் தொடங்கும் வேர். கூடவே இதையும் எழுதிவையுங்கள்: ‘எக்ஸீட்’, ‘ப்ரொஸீட்’, ‘சக்ஸீட்’ மூன்றுக்கு மட்டும் முடிவில் சி-ஈ-ஈ-டி, ‘சூப்பர்ஸீட்’ ஒன்றுக்கு மட்டும் எஸ்-ஈ-டி-ஈ, ‘ப்ரிஸீட்’, ‘கன்ஸீட்’, ‘ரிஸீட்’ என்று இந்தக் குடும்பத்தில் மிச்சமுள்ள வினைகளுக்கு சி-ஈ-டி-ஈ.

நோட்டில் எப்படி எழுதுவது

உயிருள்ள முன்னொட்டுகளுக்கு, ஒரு பக்கத்துக்கு ஒரு சாதாரணச் சொல்லை எடுத்து அதன் தலையை மாற்றிக்கொண்டே போங்கள். ‘டூ’ என்று எழுதினால் ‘அன்டூ’, ‘ரீடூ’, ‘ஓவர்டூ’, ‘அவுட்டூ’. ‘யூஸ்’ என்று எழுதினால் ‘ரீயூஸ்’, ‘மிஸ்யூஸ்’, ‘ஓவர்யூஸ்’. ஒவ்வொன்றுக்கும் நீங்களே ஒரு வாக்கியம், டிக்ஷனரியிலிருந்து எடுத்த வாக்கியம் அல்ல. வாக்கியம் எழுத வராத சொல்லை அடித்துவிடுங்கள், அது இன்னும் உங்களுடையது ஆகவில்லை, பிறகு பார்க்கலாம்.

உறைந்தவற்றுக்கு வேரை நடுவில் எழுதுங்கள். ‘ப்ரெஸ்’ என்றால் அழுத்து. வெளியே அழுத்தினால் ‘எக்ஸ்ப்ரெஸ்’, உள்ளே பதியும்படி அழுத்தினால் ‘இம்ப்ரெஸ்’, கீழே அழுத்தினால் ‘டிப்ரெஸ்’, சேர்த்து அழுத்தினால் ‘கம்ப்ரெஸ்’, தலைதூக்க விடாமல் அமுக்கினால் ‘சப்ரெஸ்’, ஒருவர்மேல் ஏறி அழுத்தினால் ‘ஒப்ரெஸ்’. ‘போர்ட்’ என்றால் சுமப்பது: ‘இம்போர்ட்’, ‘எக்ஸ்போர்ட்’, ‘ட்ரான்ஸ்போர்ட்’, ‘டிபோர்ட்’, ‘சப்போர்ட்’. இந்த இரண்டு வேரும் கணக்கு சரியாக வருகிற நல்ல பிள்ளைகள், அதனால்தான் எல்லா ஆசிரியர்களும் இவற்றையே உதாரணம் காட்டுகிறார்கள். ‘ஸ்பெக்ட்’ என்ற பார்ப்பதைக் குறிக்கும் வேருக்குப் போனால் ‘இன்ஸ்பெக்ட்’ வரை சரி, ‘எக்ஸ்பெக்ட்’டில் எஸ் காணாமல் போயிருக்கும், ‘ரெஸ்பெக்ட்’டில் திரும்பிப் பார்ப்பது எப்படி மரியாதை ஆனது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனையே சொல்லை மனதில் நிறுத்திவிடும் என்பதால் இந்த மாதிரி வேர்களையும் விடாமல் எழுதுங்கள்.

ஆங்கில விக்சனரியில் ஒவ்வொரு முன்னொட்டுக்கும் அதில் தொடங்கும் சொற்களின் பட்டியல் இருக்கிறது. அதைத் தேடிப் பார்க்கலாம், ஆனால் அங்கிருந்து சொற்களை நோட்டுக்கு இறக்க வேண்டாம், ஆயிரக்கணக்கில் இருக்கும், பாதி யாருமே பயன்படுத்தாதவை. நீங்கள் வாசிப்பில் சந்தித்த சொல் மட்டும் நோட்டுக்குள் வரட்டும்.

சொல்லைச் சத்தமாகச் சொல்லும்போது அழுத்தத்தையும் கவனியுங்கள். ‘ரெக்கார்ட்’, ‘இம்போர்ட்’, ‘ஆப்ஜெக்ட்’, ‘பெர்மிட்’, ‘கண்டக்ட்’ போன்றவை பெயர்ச்சொல்லாக வந்தால் அழுத்தம் முன்னொட்டின்மேல் விழும், வினையாக வந்தால் வேரின்மேல் விழும். எழுத்தில் வித்தியாசமே தெரியாது, காதில் நன்றாகத் தெரியும்.

உதிரியாகச் சில

‘போஸ்ட்போன்’ இருப்பதால் ‘ப்ரீபோன்’ என்று இந்தியாவில் சகஜமாகச் சொல்கிறோம், டிக்ஷனரிகளும் அதை இந்திய ஆங்கிலம் என்று குறித்துச் சேர்த்திருக்கின்றன. தப்பில்லை, ஆனால் வேறு நாட்டுக்காரருக்கு மெயில் எழுதும்போது ‘ப்ரிங் ஃபார்வர்ட்’ என்று போட்டால் குழப்பம் மிச்சம். ஆன்டி என்று ஒலிக்கும் இரண்டு முன்னொட்டில் ஐ போட்டது எதிர்ப்பு, ஈ போட்டது முன்னால். ஈ போட்டது தெரியாத ஒன்று என்று நினைக்காதீர்கள், காலை நேரத்துக்கு ஏஎம் என்று எழுதுகிறோமே, அந்த ஏ அதுதான், லத்தீனில் நண்பகலுக்கு முன் என்பதன் சுருக்கம். இன்டர் என்றால் பலவற்றுக்கு இடையில், இன்ட்ரா என்றால் ஒன்றுக்குள்ளேயே. ‘பைவீக்லி’ என்ற சொல்லை மட்டும் ஒதுக்கிவிடலாம், வாரம் இரண்டு தடவை என்றும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்றும் இரண்டு அர்த்தமும் டிக்ஷனரியிலேயே இருக்கிறது, எது என்று நீட்டி எழுதிவிடுவதுதான் நல்லது.

ஹைப்பர், ஹைப்போ இரண்டும் மருத்துவச் சொற்களில் ஜோடியாக வரும். ஹைப்பர் அளவுக்கு அதிகம், ஹைப்போ அளவுக்குக் குறைவு. ‘ஹைப்பர்டென்ஷன்’ உயர் ரத்த அழுத்தம், ‘ஹைப்போடென்ஷன்’ தாழ்ந்த ரத்த அழுத்தம், சர்க்கரைக்கும் இதே கணக்கு. எழுத்தில் வித்தியாசம் தெரிந்தாலும் போனில் இரண்டும் ஒன்று போலவே காதில் விழும், அதனால் பேசும்போது முன்னொட்டை நம்பாமல் ஹை பிபி, லோ பிபி என்றே சொல்லிவிடுங்கள்.